பட்டினப்பாக்கத்தில் குளிர்

நாலாம் வகுப்பு அறையில் பிள்ளைகளும் ஸ்டெல்லா டீச்சரும் வெப்பமானியோடு கணக்கெடுக்க வந்த நானும் இருக்கிறோம். தலைமை ஆசிரியை மீட்டிங்குக்குப் போயிருக்கிறார். கரண்டும் போயிருக்கிறது. பிள்ளைகளுக்குப் புழுக்கம் என்று நான் எழுதிக் கொடுத்தால்தான் மொட்டைமாடிக்கு வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு கிடைக்கும். பூசினால் அறை குளிர்ந்து, ஃபேன் ஓடுவதும் குறையும்.

எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்கிற தோரணையில் தொண்டையைச் செருமிக்கொள்கிறேன்.

"யாருக்கெல்லாம் புழுக்கமா இருக்கு? கை தூக்குங்க."

ஒரு கையும் எழவில்லை.

"யாருக்குக் குளிருது?"

முதல் பெஞ்சில் ரேவதி கை தூக்குகிறாள். உடனே வகுப்பே தூக்குகிறது. என் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. ஆனாலும் வெப்பமானியை ஒரு தட்டு தட்டிவிட்டு, 'குளிர்' என்று குறித்துக்கொள்கிறேன்.

"எழுதிட்டீங்களா சார்? ஊட்டிக்கு எதுக்குப் பூச்சுன்னு கேக்கப் போறாங்க" என்கிறார் டீச்சர்.

கடைசி பெஞ்சுப் பையனுக்கு மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது.

"உனக்கா குளிருது?"

"ரேவதி தூக்கிச்சு சார். அது ஃபர்ஸ்ட் ரேங்க். தப்பா தூக்காது."

டீச்சர் போய் ரேவதியின் நெற்றியைத் தொடுகிறார். "புள்ளைக்கு ஜுரம் கொதிக்குது சார்."

வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல், நானும் முதல் பெஞ்சைப் பார்த்தே கை தூக்கி வளர்ந்தவன்தான். இன்றைக்கும் அதையே செய்திருக்கிறேன்.

எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி மறுபடி கேட்கிறேன். புழுக்கத்துக்கு, ரேவதியைத் தவிர அத்தனை பேரும் கை தூக்குகிறார்கள். குளிரை அடித்துத் திருத்துகிறேன்.

ரேவதியை வீட்டில் விட, டீச்சரும் நானும் பாதிப் பாதி போட்டுக் கொடுக்கும் ஆட்டோ கூலி எண்பது ரூபாய்.