வாணி விழாவுக்குப் போன காந்தத்தூள்

எங்கள் துறைத்தலைவர் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

நான் ஆராய்ந்தது ஒரு வில்லங்கமான காந்தப் பொருளை. அதன் அணுக்கள் நான்கு நான்காகக் கூடியிருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சின்னக் காந்த ஊசி. இரும்பில் ஊசிகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து அடங்கிவிடும். இதில் இரண்டு உள்ளே பார்க்கும், இரண்டு வெளியே. எந்த இரண்டு என்று ஒருபோதும் தீராது, எவ்வளவு குளிர்ந்தாலும் ஒழுங்குக்கு வராது. ஓர் ஊசி புரண்டால் தனி வடமுனை ஒன்றும் தனித் தென்முனை ஒன்றும் பிறந்ததுபோல, இரண்டும் பிரிந்து பொருளுக்குள் அலையும். அண்டவெளியை விடக் கூடிய குளிரில்தான் அதை அளக்கலாம். அந்தக் குளிர் யாழ்ப்பாணத்தில் இல்லை. வெளிநாட்டு ஆய்வுகூடமொன்று என் தூளை அளந்து தர ஒரு முறை ஒதுக்கியிருந்தது. அரைத்து, உலையில் சுட்டு, திரும்பவும் அரைத்து ஒரு வருடம் போயிற்று.

இதையெல்லாம் துறைத்தலைவருக்கு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரி பிள்ளை, உது என்னத்துக்கு உதவும்? நோய் வருத்தம் ஏதும் மாறுமோ?"

தூளை மறுநாள் அனுப்பவேண்டும். அன்றைக்கு வாணி விழா. கடைசியாக ஒருமுறை அரைத்து, சின்னக் கல்லுரலிலேயே மேசையில் மூடிவைத்துவிட்டு விரிவுரைக்குப் போனேன். எல்லோருடைய ஆராய்ச்சியும் சரஸ்வதிக்கு முன்னால் இருக்கவேண்டும் என்று துறைத்தலைவர் அறை அறையாகப் போய்ச் சேர்த்திருக்கிறார். என் உரலையும் தன் கையாலேயே தூக்கிக்கொண்டுபோய்ப் படத்தடியில் வைத்திருக்கிறார். தேவாரம் முடியத் திருநீறு தேடியிருக்கிறார்கள். வெளிர் நிறத்தில், மாப்போல, கல் கிண்ணத்தில் கண்முன்னால் இருந்தது. தான் கொண்டுவந்து வைத்ததே அரை மணித்தியாலத்தில் மறந்துபோன அறிவாளி அதை எடுத்துப் பூசிக்கொண்டு, எல்லோருக்கும் நீட்டியிருக்கிறார்.

நான் வந்தபோது ஆளாளுக்கு நெற்றியில் மூன்று குறி. உரலின் அடியில் குங்குமம் கலந்து ஒரு சிட்டிகை கிடந்தது. மற்றவர்கள் அவலும் கடலையும் தின்றுகொண்டிருந்தார்கள். உரலை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனேன்.

"சேர், உது திருநீறு இல்லை. நான் அனுப்ப வைச்சிருந்த காந்தத்தூள்."

ஒருவர் மட்டும் கைலேஞ்சியை எடுத்து அவசரமாகத் துடைத்தார். துறைத்தலைவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன், என்னுடைய மடைத்தனம்.

"அதுதானே பாத்தன். காலமையிருந்து தலையிடி, இப்ப இல்லை. காந்தம் எண்டால் தலையிடிக்கு நல்லமெல்லோ. மிச்சம் கிடக்கோ பிள்ளை?"

சாதாரண வெப்பநிலையில் அந்தத் தூள் ஒரு குண்டூசியைக்கூட இழுக்காது. அதை அந்த மனிதருக்குச் சொல்லி என் வாயை ஏன் நோகவைப்பது என்று விட்டுவிட்டேன்.

கொக்குவிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்கு மின்னஞ்சல் எழுதினேன். மாதிரி பழுதாகிவிட்டது, என் முறையை வேறு யாருக்காவது கொடுங்கள். உடனே பதில் வந்தது, மிகவும் பண்பாக: எப்படிப் பழுதானது என்று சொன்னால் அடுத்த முறைக்கு உதவலாம். எங்கள் எல்லோரையும் காப்பாற்றுவதற்காக, ஈரம் பட்டுவிட்டது என்று எழுதினேன்.