காரை நிறுத்தச் சொன்ன திரேசம்மா ரீச்சர்

“மாஸ்டர், உங்கடை கார் எப்பவெண்டாலும் சும்மா நிண்டிருக்கோ?”

திரேசம்மா ரீச்சர் ஒருமுறை என்னிடம் கேட்ட கேள்வி இது. சென்ற ஞாயிறு அவருடைய தம்பி தொலைபேசியில், “அக்கா காலமை போயிட்டா, மாஸ்டர். நித்திரையிலையே” என்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்ததும் அதுதான். அவரோடு படிப்பித்தவர்களும் அவரிடம் படித்தவர்களுமான நீங்கள் அவரைச் சித்திர ஆசிரியையாகவே அறிவீர்கள். என் வீட்டு மாமரத்தடியில் ஒரு மாலை நான் கண்ட திரேசம்மாவை இங்கே சொல்கிறேன்.

அவர் குருநகரில் பிறந்தவர். தம்பி சுன்னாகத்தில் நடத்திய ஸ்ரூடியோவில் பள்ளி விட்ட பிறகு படம் எடுப்பார். அது போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். மின்சாரம் இல்லை. பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்திருந்தோம். சில துளிகளை விட்டு இயந்திரத்தைக் கிளப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். அதனால், கிளம்பிய காரை நிறுத்த யாருக்கும் மனம் வராது.

புத்தூரில் எங்கள் ஒழுங்கையில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது என் பழைய ஒஸ்ரின் கார் மட்டுமே. பிள்ளைப்பேறென்றாலும் பாம்புக்கடியென்றாலும் அதில்தான் ஏற்றிப் போவோம். நோயாளரை ஏற்றும் கார்களுக்கு மண்ணெண்ணெய் கொடுப்பதாக அறிவித்தார்கள். விண்ணப்பத்தோடு காரின் படம் வேண்டும். இலக்கம் தெளிவாகத் தெரிய வேண்டும். இரண்டே நாள் அவகாசம். என் மகள் வசந்திக்கு அது ஒன்பதாம் மாதம். வீட்டில் இருந்த மண்ணெண்ணெய் விளக்குக்கே போதாது.

பகல் முழுவதும் குண்டு போடும் விமானம் சுற்றியது. நான் சொல்லியனுப்பிய ரீச்சர் சைக்கிளில் வந்து சேர, பொழுது சாய்ந்து மைம்மலாகிவிட்டது. படத்துக்காகக் காரை வெட்டவெளியில் நிறுத்திவைக்கப் பயம். மாமரத்தடிக் கிடுகுக் கொட்டிலுக்குள்ளேயே நின்றது.

“பிளாஷ் இருக்கோ, ரீச்சர்?”

“பற்றறிக்கு எங்கை போறது? பிலிமிலை ரண்டு படம் மிச்சம் இருக்கு. காணும்.”

பக்கத்து வீட்டுக்காரரை அச்சுவேலி ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நான் அப்போதுதான் திரும்பியிருந்தேன். அவர் மனைவியையும் கொண்டுபோய் விடவேண்டியிருந்ததால் இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. “கெதியாய் எடுங்கோ” என்று நான் அவசரப்படுத்த, ரீச்சர் ஒரு படத்தை எடுத்துவிட்டார். உடனேயே முகம் மாறியது. ஒரு பேணியில் தண்ணீர் வாங்கி, காரின் முன்மூடிமேல் வைத்தார். தண்ணீர் நடுங்கியது.

“பாருங்கோ. அந்தப் படம் பழுதாப் போச்சு. காரை நிப்பாட்டுங்கோ.”

மாணவர்களுக்குச் சொல்வதுபோல் உங்களுக்கும் சொல்கிறேன். ஒருவன் கரும்பலகையை ஆட்டிக்கொண்டிருக்க மற்றவன் அதில் எழுதினால் எழுத்து எப்படி இருக்கும்? வெளிச்சம் குறைந்தால் பிலிம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்நேரம் ஆடுவதெல்லாம் அதில் இழுபட்டுவிடும்.

எனக்கு அது விளங்கியது. ஆனாலும் கை சாவிக்குப் போகவில்லை. “போத்திலிலை ஒருக்காக் கிளப்பத்தான் பெற்றோல் இருக்கு, ரீச்சர். அது வசந்திக்கு. இப்ப நிப்பாட்டினால் அந்த மனிசியை எப்பிடிக் கொண்டுபோறது?”

அப்போதுதான் அவர், கார் எப்பவெண்டாலும் சும்மா நிண்டிருக்கோ என்ற அந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு, “அவவை நான் சைக்கிளிலை ஏத்திக்கொண்டு போறன். நீங்கள் நிப்பாட்டுங்கோ” என்றார்.

நிறுத்தினேன்.

தலையணை உறைக்குள் மணலை நிரப்பி முக்காலிமேல் வைத்து, அதில் கமராவைப் பதித்தார். ஒருமுறை அழுத்தினால் உள்மூடி திறந்தும், மறுமுறை அழுத்தினால் மூடியும் கொள்ளும் பழைய கமரா அது. அழுத்தும்போது கை ஆடுமே! அதனால் ஒரு கொப்பி மட்டையால் கமராவின் கண்ணாடியை மறைத்துக்கொண்டு அழுத்தினார். ஆட்டம் அடங்கிய பிறகே மட்டையை எடுத்தார். ஜாம் போத்தல் விளக்கைச் சுளகால் மறைத்து, இலக்கத்தகட்டுக்கு நேரே பிடிக்காமல் பக்கத்தில் நின்று மெல்ல நகர்த்தும்படி என்னிடம் சொன்னார். நேரம் பார்க்க மணிக்கூடு தேவைப்படவில்லை. மூன்று தரம் ‘அருள் நிறைந்த மரியே’ மந்திரத்தைச் சொல்லிக் கணக்கிட்டார்.

“நீங்கள் சிவசிவா எண்டு சொன்னாலும் படம் விழும், மாஸ்டர். ஆனால் விளக்கோடை ஓடாதேங்கோ!”

மட்டையால் மூடி, மறுபடி அழுத்தினார். கமராவைப் பைக்குள் வைத்துவிட்டு, சொன்னபடியே அந்தப் பெண்ணைச் சைக்கிளின் பின்னால் இருத்தி அச்சுவேலிக்கு மிதித்தார்.

படத்தில் இலக்கம் மட்டுமல்ல, மட்காட்டில் இருந்த நெளிவும் தெரிந்தது. மண்ணெண்ணெய் கிடைத்த நான்காம் நாள் விடியற்காலை வசந்திக்குப் பேற்று நோ கண்டது. போத்தலில் இருந்த துளிகளை விட்டு, காரின் முன்னால் கிராங்குக் கம்பியைச் செருகிச் சுற்றினேன். மூன்றாம் சுற்றில் கார் கிளம்பியது. அன்று பிறந்த பேத்தி இப்போது தானே கார் ஓட்டுகிறாள்.

நன்றி சொல்லப் போனேன். “நான் எடுத்ததாலை மட்டும் படம் வரேல்லை. நீங்கள் நிப்பாட்டினியள்” என்றார் ரீச்சர். ஆனால், நிறுத்தியதால் வந்த சுமையை ஏற்றிக்கொண்டு போனவர் அவர்தான். பிறரிடம் ஒன்றை விடச் சொல்லும்போது, அதன் பாரத்தில் பாதியையாவது நான் சுமக்கிறேனா என்று பார்க்கும் பழக்கம் அவரிடமிருந்து எனக்கு வந்தது. அந்தப் பழக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

ரீச்சரின் நினைவாக, இன்று மாலை பொழுதுபட்டதும் உங்கள் காரை நிறுத்தி, கைத்தொலைபேசியை ஒரு முக்காலியில் சாய்த்து வைத்து, சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும்படி அமைத்துவிட்டுக் கையை எடுங்கள்; மைம்மலிலும் ஆடாத படம் விழும்.