கல்லு, கத்தி, தோசை

போன மாதம் ஒரு ரிசார்ட்டுக்குக் காப்பித்தூள் கொடுக்கப் போயிருந்தேன். புல்வெளியில் ஏதோ கம்பெனிக்காரர்கள் வட்டமாக நின்று விளையாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் மூக்கு நுனியைத் தொட வேண்டும். ஒரு பையன் கன்னத்தில் குத்திக்கொண்டான். "மென்டல்" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். நான் தூள் பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டேன். தூள் வாடை சேரவில்லையா என்று சமையல்காரர் கேட்டார். ஆமாங்க என்றேன். காப்பித்தூள் விற்கிறவளுக்குக் காப்பி வாடை ஆகாது என்றால் யாராவது நம்புவார்களா? அவர் நம்பிவிட்டார்.

உண்மையில் எனக்கு ஆகாத வாடை வேறு. காப்பிப் பழத்தை மிஷினில் உரித்துவிட்டுத் தோலைக் குழியில் கொட்டுவார்கள். இரண்டு நாள் மழையில் அது ஊறினால் ஒரு புளித்த நாற்றம் வரும் பாருங்கள், தலைமுடியில்கூட ஏறிக்கொள்ளும். மலைக்கு வருகிறவர்கள் பனியையும் ஆரஞ்சையும் பற்றித்தான் பேசுவார்கள். தோல் குழியைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வார்டு ஆயாவாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு நேர் கீழே அப்படியொரு குழி இருந்தது. ஜன்னலைத் திறந்தால் அந்த நாற்றம், மூடினால் பினாயில். எந்த நாற்றம் வேண்டும் என்பதை மட்டும் நாங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பத்தாம் வகுப்பில் கணக்கில் இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை சரியாக முப்பத்தைந்து வாங்கித் தேறியவள். அதனாலோ என்னவோ, யாராவது ஒரு தாளை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் அது எனக்குப் பரீட்சைதான். பரீட்சை என்றால் தேறியாக வேண்டும். அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியாது.

மனநோய்க்கு வைத்தியம் பார்க்க, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வியாழக்கிழமை சேலத்திலிருந்து ஒரு டாக்டரம்மா பஸ்ஸில் வருவார். மலைப்பாதை வளைவுகள் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. கையில் எலுமிச்சம்பழமும் வெளுத்த முகமுமாக இறங்குவார். நோயாளிகளைவிட அவர்தான் நோயாளி மாதிரி இருப்பார். அந்த வருஷம் அவர் புதிதாக ஒரு சோதனை செய்யத் தொடங்கினார். காதில் குரல் கேட்பது, யாரோ விஷம் வைப்பதாக நினைப்பது எல்லாம் மருந்தில் அடங்கின பிறகும், சிலருக்குக் கைகால் வேலையில் ஒரு மெல்லிய தடுமாற்றம் தங்கிவிடும், பார்த்த மாத்திரத்தில் தெரியாது, சின்னச் சின்ன வேலை கொடுத்துத்தான் கண்டுபிடிக்க முடியும் என்று எங்களுக்குச் சொன்னார்.

மூக்கைத் தொடுவது, ஒவ்வொரு விரலாகக் கட்டை விரலில் தட்டுவது, குதிகாலை மற்ற கால் விரலோடு ஒட்டி வைத்து ஒரே கோட்டில் நடப்பது. எல்லாவற்றிலும் கஷ்டமானது மேஜை மேல் கையை வைத்துச் செய்வது. முதலில் முஷ்டி, அடுத்து கை விளிம்பு, அடுத்து உள்ளங்கை, திரும்பவும் முஷ்டி. வரிசை மாறாமல் வேகமாகச் செய்ய வேண்டும். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிற மனுஷர்கூட இரண்டாவது சுற்றில் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுவார்.

முதல் நாள் சோதனையை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தோம். சமையல்காரன், கம்பவுண்டர், நான். கோட்டில் நடக்கச் சொன்ன ஒரு கிழவர் தள்ளாடினார். "காலைலயே ஏத்திக்கிட்டாராட்டம் இருக்குது" என்றான் சமையல்காரன். அவர் போன பிறகு தாழ்வாரத்தில் அவரைப் போலவே நடந்து காட்டினான். கம்பவுண்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். பொத்திக்கொண்டால் சிரிப்பு இல்லை என்று ஆகிவிடுமா?

அன்று டாக்டரம்மா கிளம்பும் நேரத்தில் நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து வெள்ளையம்மாவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. பழம் பறிக்கிற வேலை, அந்த வேலைக்காகக் கொடுத்த லைன் வீடு, அவ்வளவுதான் அவளுக்கு. பழுத்ததை மட்டும் இரண்டு விரலால் திருகி எடுக்க வேண்டும். இவள் இழுத்தால் காயும் இலையும் சேர்ந்து வந்தன, சில சமயம் கொம்பே முறிந்தது. "நோயெல்லாம் எப்பவோ போயிருச்சுங்க. இது திமிருங்க" என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"சத்தமெல்லாம் நின்னு போச்சு கண்ணு" என்றாள் வெள்ளையம்மா என்னிடம். "இந்தக் கைதான் நாஞ் சொல்றதக் கேக்க மாட்டேங்குது. டாக்டரம்மா தப்புன்னு எழுதிட்டா ஊட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்க. நானெங்க போவேன்?"

அடுத்த வியாழக்கிழமை வருகைக்கு இரண்டு வாரம் இருந்தது. என்னென்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேள்வித்தாளே கையில் இருக்கிற மாதிரி. நான் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.

மத்தியானம் வார்டு தூங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் துணி மடிக்கிற மேஜையில் உட்காருவோம். முஷ்டிக்குக் கல்லு, விளிம்புக்குக் கத்தி, உள்ளங்கைக்குத் தோசை என்று பேர் வைத்தேன். கல்லு, கத்தி, தோசை. கல்லு, கத்தி, தோசை. முதல் நாள் கத்திக்கு மேல் போகவில்லை. "தோச எங்கீங்க?" என்றேன். "கல்லு காஞ்சாத்தான தோச" என்றாள் அவள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பத்தாம் நாள், மனசுக்குள் பேரைச் சொல்லிக்கொண்டு தப்பில்லாமல் ஆறு சுற்றுச் செய்தாள். எனக்குக் கணக்கில் நூறு வாங்கின மாதிரி இருந்தது.

சோதனை நாளன்று எல்லாம் சரியாக நடந்தது. மூக்கு, விரல், கோடு, மேஜை. டாக்டரம்மா கொஞ்சம் ஆச்சரியப்பட்டார். பேனாவை மூடிவிட்டு என் பக்கம் திரும்பினார். "வார்டுல எப்படிம்மா? ஜாக்கெட் ஊக்கு போடறது, சோறு பெசஞ்சு சாப்பிடறது, எல்லாம் அவங்களே பண்றாங்களா?"

அன்று காலை அந்த ஜாக்கெட்டின் நாலு ஊக்கையும் நான்தான் போட்டுவிட்டிருந்தேன். தினமும் நான்தான் போட்டுவிட்டேன். சோற்றை உருட்டித் தட்டில் வைத்ததும் நான்தான்.

"எல்லாம் அவங்களேதாங்க" என்றேன்.

டாக்டரம்மா அங்கேயே உட்கார்ந்து எஸ்டேட்டுக்குக் கடிதம் எழுதினார். கைகளில் குறை ஏதும் காணவில்லை. வெள்ளையம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஒரு மாதம் கழித்து மாத்திரை கொடுத்துவிட்டு வர நாகலூர் பஸ் ஏறினேன். நான் போனபோது பறித்த பழத்தைக் கொட்டிக் காட்டும் நேரம். வெள்ளையம்மாவின் சாக்கை ரைட்டர் எல்லார் முன்னாலும் தரையில் கவிழ்த்தார். பாதிக்கு மேல் பச்சைக் காய், நடுவில் முறிந்த கொம்புகள்.

"பாருங்க, எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க" என்றார். சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். "டாக்டரே கை நல்லாருக்குதுன்னு எழுதிக் குடுத்துருக்கறாங்க. அப்பறம் ஏனாத்தா இந்தக் கேடு? ஆஸ்பத்திரில என்னமோ வித்த காட்டுனயாமா. இங்கயும் காட்டு."

கூட்டத்தில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். வெள்ளையம்மா, கேட்டதைச் செய்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி மேல் கையை வைத்தாள். கல்லு, கத்தி, தோசை. ஒரு தப்பு இல்லை. "இன்னோருக்கா" என்றான் ஒருத்தன். இன்னொரு தடவை செய்தாள். உரித்த தோல் நாற்றம் காற்றில் வந்தது. நான் மாத்திரைப் பொட்டலத்தைப் பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன். வழியில் சில்வர் ஓக் மரத்தடியில் வாந்தி எடுத்தேன். அந்த ரைட்டர் மேல் அருவருப்பு, சிரித்தவர்கள் மேல் அருவருப்பு. வாந்தி எடுத்து முடித்த பிறகும் மிச்சம் இருந்தது என் மேல்தான்.

டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வியாழக்கிழமை பிடித்தது. முதல் வியாழக்கிழமை டீயைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எலுமிச்சம்பழத்தை மேஜையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"தேறணும்னு வச்ச சோதன இல்லம்மா இது. எங்க தடுமாறுதுன்னு தெரிஞ்சுக்கத்தான். தடுமாறுதுன்னு நான் எழுதியிருந்தா, களத்துல காப்பி காயவைக்கிற வேல குடுக்கறேன்னு மொதலாளி எங்கிட்ட ஒத்துக்கிட்டிருந்தாரு. நீளக் கம்பு போட்ட கட்டைய வச்சுக் கொட்டையக் கிண்டறதுதான், ஊக்கு போடற மாதிரி நுணுக்கம் இல்ல. வீடும் இருந்திருக்கும்."

அன்றே வேறொரு கடிதம் எழுதினார். நானே கொண்டுபோனேன். முதலாளி ஊரில் இல்லை, ரைட்டரிடம்தான் கொடுக்க முடிந்தது. ரைட்டர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "எதுங்க அம்மிணி நெசம்? ஒரே கையி, ஒரே டாக்டரு" என்றார். எது நெசம் என்று எனக்குத் தெரியும். நான்தான் ஊக்கு போட்டேன், நான்தான் பொய் சொன்னேன் என்று இரண்டு வரி. அதைச் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க என்றேன். அவர் முதல் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டாவதை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பொங்கலுக்குள் லைன் வீட்டைக் காலி செய்ய வைத்தார்கள். வாழப்பாடிப் பக்கம் இருந்த ஒன்றுவிட்ட அண்ணன் வந்து அவளைக் கூட்டிப்போனதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. நானும் வாழப்பாடி போய் விசாரிக்கவில்லை.

இப்போது அந்தக் குழியை மூடி மேலே கார் நிறுத்துகிறார்கள், நாற்றம் இல்லை. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். டாக்டரம்மா அடுத்த வருஷமே மாற்றலாகிப் போனார். ஆஸ்பத்திரியை மூடியபோது கேஸ் தாள்களையெல்லாம் மூட்டை கட்டிப் பழைய பேப்பர்காரரிடம் போட்டார்கள், கட்டிக்கொடுத்ததில் நானும் ஒருத்தி. திருப்பிக் கொடுத்த கடிதத்தைப் பல வருஷம் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தேன், ஒரு மழையில் கூரை ஒழுகி மக்கிப்போயிற்று. வெள்ளையம்மாவின் கை தடுமாறியது என்பதற்கு இனி எந்தத் தாளும் கிடையாது. காலையில் அந்த ஜாக்கெட்டை இழுத்துப் பிடித்து ஊக்கு மாட்டிவிட்டவளுக்கு மட்டும் தெரியும். அவளிடம் கேட்க வேண்டியவர்கள் யாரும் இப்போது இல்லை.