முதல் குடம்

ராப் போட்டியின் கடைசிச் சுற்றில் நடுவர் கேட்டார்: "ஹிப்ஹாப்பை அதிகம் வளர்த்தது யார்?" எதிராளி ஓர் அமெரிக்கப் பெயரைச் சொன்னான். எனக்குப் பின்னால் யாரோ காலித் தண்ணீர் கேனைத் தட்டினார்கள்.

வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த ஒரு காலை நினைவுக்கு வந்தது. வரிசையில் முதலாவதாக இருந்த எங்கள் குடத்தை எதிர்வீட்டு அக்கா பின்னால் தள்ளிவிட்டாள். அம்மா இன்னொரு காலிக் குடத்தைத் தட்டி, மூச்சுவிடாமல் ஆரம்பித்தாள்:

"எங்கொடத்த எவ தள்னது? விடியறதுக்குள்ள வச்சது! லாரித்தண்ணி மொதல்ல எனுக்கு, லேட்டா வந்தா வேடிக்க உனுக்கு!"

பதிலுக்கு அக்காவும் தன் குடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். கடைசியில் சிரித்துவிட்டு எங்கள் குடத்தை முன்னால் நகர்த்தினாள்.

"எங்கம்மா" என்றேன் மைக்கில். அந்த வரிகளையே வீசினேன். அரங்கமே எழுந்து கத்தியது. கோப்பை என் கைக்கு வந்தபோது கூட்டத்திலிருந்து அம்மாவின் குரல் கேட்டது:

"பாட்டு என்து! கப்ப இங்க குடு!"