இரண்டு அடி முன்னால்

சுற்றுலாத் துறையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பழைய கோட்டையின் இடிந்த கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய் நின்றேன். கீழே பாதாளம். எதிரே மூன்று அடுக்காக விழும் அருவி. தேசம் தேசமாக ஆட்கள் தேடி வந்து பார்க்கிற காட்சியைப் பார்க்க எனக்குச் சம்பளமும் தருகிறார்கள் என்றால் தலை கனக்காதா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். கழுத்தில் புது அடையாள அட்டை வேறு.

"சார், இந்தப் பக்கம் திரும்பி ரெண்டு அடி முன்னால வாங்க."

திரும்பினேன். ஐம்பது வயதைத் தாண்டியவர், மார்பில் கேமரா தொங்க நின்றுகொண்டிருந்தார்.

"கிணத்து மேட்டுல ஓடி வளர்ந்தவன்ண்ணே நான். பள்ளம் எனக்குப் புதுசில்ல."

"பள்ளத்துக்கு நீங்க புதுசு சார். வாங்க."

சிரிக்காமல்தான் சொன்னார். நான் நகரும்வரை அவரும் நகரவில்லை.

கடைக்காரர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'முன்னால வா'. பயணிகளைப் படமெடுத்து அங்கேயே அச்சிட்டுக் கொடுக்க உரிமம் பெற்ற நான்கு பேரில் ஒருவர். மற்ற மூவரும் ஆட்களைச் சுவர் ஓரம் நிறுத்தி, அருவி முழுதும் தெரிய எடுப்பார்கள். இவர் மட்டும் சுவரிலிருந்து பத்தடி தள்ளித் தரையில் ஒரு வெள்ளைக்கோடு போட்டிருந்தார். கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால்தான் படம். அருவியின் உச்சி மட்டும் அதில் விழும். கூட்டமான நாளில் அதுவும் இல்லை.

'முன்னால வாங்க' என்பதைப் பதினோரு மொழிகளில் சொல்வார். வருகிற பயணிகளிடமே கேட்டு, சின்ன நோட்டில் எழுதி உருப்போட்டது. அவர்களில் சிலர் அடுத்தடுத்துப் போகிற இடங்களிலிருந்து அவருக்கு அஞ்சலட்டை அனுப்புவார்கள். பனிமலை முகடு, கடலுக்குள் நிற்கும் கோட்டை, மணல் பாதி மூடிய கோயில் என்று மனைவியின் தொப்பிக் கடைச் சுவர் நிறைய ஒட்டியிருந்தார். நான் அழகில் சொக்கி நிற்கும்போது அவர் விரல் வேறு எங்கோ போகும்.

"இந்தாளு எங்க நிக்கிறான் பாருங்க. வேலி இருக்கா அங்க?"

"உலக அதிசயத்தையே கொண்டாந்து காட்டினாலும் வேலியத்தான் தேடுவாரு" என்பார் அவர் மனைவி. "என்னக் கட்டிக்கிறப்ப மட்டும் இந்த முன்ஜாக்கிரதை எங்க போச்சோ."

மூன்றாவது மாதத்தில் அவர்மேல் புகார்கள் சேர்ந்துவிட்டன. இவ்வளவு தூரம் வந்தும் படத்தில் அருவி இல்லை என்றுதான் எல்லோரும் எழுதியிருந்தார்கள். விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுக்கச் சொன்னார் மேலதிகாரி. நான் கையெழுத்துப் போட்ட முதல் நோட்டீஸ் அது. விறைப்பாகத்தான் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் மனைவி மட்டும் இருந்தார். படித்துவிட்டு, மடித்து என்னிடமே நீட்டினார்.

"உக்காருங்க தம்பி. விஷயம் தெரிஞ்சுட்டு அப்புறம் குடுங்க."

பதினோரு வருடத்துக்கு முன் ஓர் அண்ணனும் தங்கையும் வந்திருக்கிறார்கள். அண்ணனுக்கு இருபத்தாறு வயது. அப்போதெல்லாம் இவரும் மற்றவர்களைப் போலத்தான். மூன்று அடுக்கும் விழ வேண்டும் என்று, கேமராவில் கண்ணை வைத்தபடி, "ஒரு அடி பின்னால போங்க" என்றார். அவன் போனான். இவர் அழுத்தினார். கண்ணை எடுத்துப் பார்த்தபோது அங்கே ஆள் இல்லை.

சுவரில் அந்த இடத்தில் கல் பெயர்ந்திருந்தது என்று விசாரணையில் எழுதிக்கொண்டார்கள். அண்ணன் தானாகத்தான் பின்னால் போனான் என்று தங்கை சொன்னாள். விழுந்ததைப் பார்த்தாயா என்று மட்டும் இவரிடம் கேட்டார்கள். பார்க்கவில்லை என்றார். அதோடு விட்டுவிட்டார்கள்.

"அந்தப் படம் இன்னும் பெட்டியில கெடக்கு தம்பி. அந்தப் பொண்ணு என்னிக்காவது வந்தா உண்மையச் சொல்லிடணும்னு சொல்லிட்டே இருக்காரு. சொன்னா கேஸ் இவரு மேல திரும்பாதா? ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

படித்தவன்தான். சட்டம் படிக்கவில்லை. நோட்டீஸைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு காலையில், முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி அலுவலகத்துக்கு வந்தாள்.

"பதினோரு வருஷம் முன்னால இங்க படம் எடுத்துட்டிருந்த ஒருத்தரு, இப்பவும் இருக்காரா?"

யார் என்று அவள் சொல்லவே தேவையிருக்கவில்லை. 'இல்லை' என்று ஒரு சொல் சொன்னால் அவள் போய்விடுவாள். வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தொப்பிக் கடைக்கு நடந்தேன்.

மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க, வேணாம். நம்மள யாரும் கேக்கல."

"அந்தப் பொண்ணு கேக்கத்தானே வந்திருக்கு" என்றபடி அவர் பெட்டியிலிருந்து உறையை எடுத்தார்.

நான் போய் அவளை அழைத்துவந்தேன். வெள்ளைக்கோட்டருகே வைத்துத்தான் சொன்னார்.

"அம்மா, உங்க அண்ணன ஒரு அடி பின்னால போகச் சொன்னது நான்தான். அன்னிக்கு விசாரணையில சொல்லாம விட்டுட்டேன்."

அவள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும். உங்க பக்கத்துலதானே நின்னுட்டிருந்தேன்." பிறகு சொன்னாள்: "நீங்க ஒரு அடின்னுதான் சொன்னீங்க. இன்னொரு அடி போண்ணான்னு சொன்னது நான். உங்களச் சொன்னா என்னையும் சொல்லணுமே. அதான் அவனா போனான்னுட்டேன். எங்கம்மா இன்னும் அதைத்தான் நம்பிட்டிருக்காங்க."

"எனக்கு அது கேக்கவே இல்லையேம்மா."

"கேட்டிருக்கும்னுதான் இத்தனை வருஷமா இங்க வரப் பயந்தேன்."

உறையை நீட்டினார். படத்தை எடுத்து வெகுநேரம் பார்த்தாள். "சிரிச்சுட்டிருக்கான்" என்றாள். முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னையும் ஒண்ணு எடுங்கண்ணா. ரெண்டையும் அம்மாகிட்ட வெச்சு, சொல்லிடறேன்" என்றாள்.

அவர் கேமராவைத் தூக்கினார். இறக்கி, மறுபடி தூக்கினார்.

"முன்னால வாங்கம்மா. இன்னும் கொஞ்சம்."

"அருவி விழுதா?"

"இல்லம்மா. நீங்க மட்டும்தான்."

"போதும்."

அவள் போனபின் அவரே அலுவலகத்துக்கு வந்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். நான்தான் அதை மேலே அனுப்பினேன். வழக்கு அவர்மேல் திரும்பவில்லை. உரிமத்தை மட்டும் ஆறு மாதம் நிறுத்திவைத்தார்கள். அந்த ஆறு மாதமும் மனைவியின் கடையில் உட்கார்ந்து தொப்பி விற்றார். அங்கிருந்தபடியே சுவர்ப் பக்கம் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சுவர் ஓரம் யாரையும் நிறுத்திப் படமெடுக்கக் கூடாது என்று பிறகு நால்வருக்கும் உத்தரவு வந்தது. மற்ற மூவரும் என்னைத் திட்டினார்கள். அவருக்குக் கொடுக்காத அந்த நோட்டீஸ் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அவருக்கு இப்போது ஐம்பத்தொன்பது வயது. காலை எட்டு மணிக்கு வெள்ளைக்கோட்டருகே வந்துவிடுகிறார். நோட்டில் மொழிகள் பதினான்கு ஆகியிருக்கின்றன.