கண்ணனுக்கு ‘எலை’ வராது

“சேவுகன்.”

“உள்ளேன் டீச்சர்.”

“அருணா.”

“உள்ளேன் டீச்சர்.”

இருபத்து மூன்று பெயர்களையும் படித்து முடித்ததும் தங்கமுத்து டீச்சர் பதிவேட்டை மூடுகிறார். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அதற்கு மேலாகச் சுவரைப் பார்க்கிறார்.

“கண்ணன்?”

மூன்றாம் வகுப்புச் செவந்தி எழுந்து போய்ச் சுவரில் இருக்கும் ஸ்மார்ட் போர்டின் பொத்தானை அழுத்துகிறாள். போர்டு சற்று யோசித்துவிட்டு ‘டொய்ங்’ என்கிறது. “வந்துட்டான் டீச்சர்” என்கிறாள் செவந்தி. டீச்சர் கைப்பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து அதில் ஒரு கோடு போடுகிறார். கரண்ட் போன நாளில் அதே இடத்தில் ‘கண்ணன் லீவு’ என்று எழுதுவார். அணைந்திருக்கும்போது கறுகறுவென்று இருக்கிறான், எல்லாம் தெரிந்தவன் போல நிற்கிறான், அதனால் கண்ணன். பெயர் வைத்தது டீச்சர்தான்.

நான் ஸ்மார்ட் போர்டு மாட்டுகிற ஆள். ஊர் அறந்தாங்கி, வாழ்வது பைக்கில். கறம்பக்குடியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் இந்த இரண்டு ஆசிரியர் பள்ளிக்குப் போர்டு மாட்ட ஒரு தடவை வந்தேன், பழுது பார்க்கப் பத்துத் தடவை வந்துவிட்டேன். பத்தில் எட்டுத் தடவை போர்டில் ஒரு பழுதும் இல்லை. டீச்சருக்கு அதன் நடத்தை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

“நேத்துலேர்ந்து கணக்கு வீடியோ போட்டா வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்கான், தம்பி.”

நெட் இல்லை டீச்சர், அதனால் சுற்றுகிறது என்றேன்.

“இல்லைன்னா இல்லைன்னு சொல்ல வேண்டியதுதானே? எதுக்குத் தெரிஞ்ச மாதிரியே சுத்திக்கிட்டு இருக்கணும்? என் வகுப்புல தெரியலைன்னா கையக் கட்டிக்கிட்டு தெரியலை டீச்சர்னு சொல்லணும். அதான் ரூல்.”

இதற்கு எங்கள் கம்பெனிக் கையேட்டில் பதில் இல்லை. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை டீச்சர் பார்க்கிறார், நாலும் ஐந்தும் தலைமையாசிரியர் மரியசெல்வம் சாரிடம். சாருக்குப் போர்டு அரசாங்கச் சொத்து. அதன் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்க விடாமல் ஒரு மாதம் காவல் காத்தார். டீச்சருக்கோ அது தாமதமாக வந்து சேர்ந்த பிள்ளை. “லேட் அட்மிசன்தான். ஆனா புடிச்சுக்குவான்” என்பார்.

டீச்சருக்கு வயது ஐம்பத்து நாலு. போர்டுப் பேனாவைக் கொண்டைக்குள் செருகியிருப்பார். தேடும்போது வகுப்பே கோரஸாக “தலையில டீச்சர்” என்று சொல்லும். கண்ணாடித் திரையில் எழுதி முடித்ததும் இரண்டு கைகளையும் ஒன்றோடொன்று தட்டிக்கொள்வார். முப்பது வருடச் சாக்பீஸ் பழக்கம். தூசி ஒன்றும் பறக்காததைப் பார்த்து ஒரு கணம் ஏமாந்து நிற்பார்.

நெட் வராத நாட்களுக்காகப் பாடங்களைத் தானே வீடியோ எடுத்து வைத்திருக்கிறார். போனைச் செம்புக்குள் நிறுத்தி, செம்புக்குள் அரிசி போட்டு, அவரே எடுத்தது. ஒவ்வொரு வீடியோவும் அவர் கேமராவுக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுவந்து, “ஓடுதா? செவப்பு எரியுதா?” என்று கேட்பதில்தான் ஆரம்பிக்கும். வெட்டி எடுக்கக் கற்றுத் தருகிறேன் என்றேன். அதற்குள் பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் மரியசெல்வம் சார் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை நிறுத்திச் செடியின் பாகங்களைச் சொல்லச் சொன்னார். பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னது: “ஓடுதா? செவப்பு எரியுதா? வேர், தண்டு, எலை, பூ, காய்.” சார் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

உண்மையாகவே பழுதாகி நான் வந்த இரண்டு தடவைகளில் ஒன்று, சரஸ்வதி பூசைக்குப் பிறகு. போனிலேயே சத்தம் கேட்டது. “தம்பி, கண்ணனுக்குச் சாமி வந்திருச்சு! யாரும் தொடாமலே தானா தொறக்குறான், தானா மூடுறான், இங்கிட்டும் அங்கிட்டும் ஓடுறான். விபூதி போட்டோம், ரொம்ப ஆடுறான்!”

போய்ப் பார்த்தேன். பூசையன்று சட்டத்தின் நாலு மூலையிலும் சந்தனத்தில் குழைத்த குங்குமம் வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். குறுக்கே எது வந்தாலும் போர்டு அதை விரல் என்றுதான் நினைக்கும். நாலு மூலையிலும் நாலு விரல் இடைவிடாமல் அழுத்தினால் அதுதான் என்ன செய்யும்? அதன் மேல் விபூதி வேறு. பையிலிருந்து என் மஞ்சள் துணியை எடுத்துத் துடைத்தேன். சாமி மலையேறியது. பிள்ளைகளுக்கு வருத்தம். டீச்சர் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அப்ப பொட்டை வெரலுன்னு நம்பிருது. அப்புடித்தானே?” என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். நானும் பெருமையாக ஆமாம் என்றேன். பாடம் நடத்துகிற ஆளுக்கே பாடம் நடத்துகிற சந்தோஷம் எனக்கு.

தை மாதத்தில் வாசிப்புச் செயலி வந்தது. பிள்ளை போர்டின் முன்னால் நின்று திரையில் வருகிற வரியை வாசிக்க வேண்டும். சரியாக இருந்தால் கைதட்டலோடு ஒரு நட்சத்திரம் விழும். தவறென்றால் சிவப்பில் ‘மீண்டும் முயற்சி செய்’. ஆசிரியர் விரும்பினால் தாமே நட்சத்திரம் தர ஒரு மூலையில் சின்னப் பொத்தானும் உண்டு. டீச்சர் முதல் நாளே அதை அழுத்தினார். அருணா எழுந்து, “நீங்க அமுக்குனா செல்லாது டீச்சர். நீங்க எல்லாருக்கும் போடுவீங்க. அவனாக் குடுக்கணும்” என்று சட்டம் போட்டாள். அன்றோடு அந்தப் பொத்தான் செல்லாக்காசு.

மறுவாரம் எனக்குப் போன் வந்தது. “தம்பி, இவனுக்குக் காது மந்தம். வந்து பாருங்க.”

செடியைப் பற்றி ஐந்து வரி. முதல் வரியில் வேர், நட்சத்திரம். இரண்டாவது வரியில் தண்டு, நட்சத்திரம். மூன்றாவது வரி, ‘பச்சை இலை உண்டு’. சேவுகன் வாசித்தான், சிவப்பு. அருணா வாசித்தாள், சிவப்பு. இருபத்து மூன்று பேருக்கும் சிவப்பு. டீச்சரே கொண்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து நின்று வாசித்தார்: “பச்சை எலை உண்டு.” சிவப்பு. தள்ளுங்கள் என்று நான் முன்னால் போய் வாசித்தேன். எனக்கும் சிவப்பு. கம்பெனி ஆள் என்றுகூட அது பார்க்கவில்லை.

நெடுநேரம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. “டீச்சர், நாம ‘எலை’ன்னு சொல்றோம். எழுத்துல ‘இலை’.”

“நானும் இலைன்னுதானே தம்பி சொன்னேன்?”

“எலைன்னுதான் சொன்னீங்க.”

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “முப்பது வருசமா இலைன்னு சொல்லிக் குடுக்குறதா நெனச்சுக்கிட்டு இருந்தேனே” என்றார். பிறகு உதட்டை இழுத்து “இ... இ... இ...” என்று பயிற்சி எடுத்து, மூச்சைப் பிடித்துச் சொன்னார்: “இ... எலை!”

ஆனால் அவர் அதிக நேரம் வெட்கப்படுகிறவர் இல்லை. இந்த ஊரில் இருபத்து மூன்று பிள்ளைகளுக்கும், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், மரியசெல்வம் சாருக்கும், போர்டு மாட்ட வந்தவனுக்கும் புரிகிற ஒரு சொல் ஒருவனுக்கு மட்டும் புரியவில்லை என்றால் பின்தங்கியவன் யார்? நோட்டைப் பிரித்தார். ‘மெல்லக் கற்போர்’ என்று தலைப்பிட்டு, ‘1. கண்ணன்’ என்று எழுதினார். தினமும் காலையில் வருகைப்பதிவு முடிந்ததும் கண்ணனுக்குத் தனி வகுப்பு. இருபத்து மூன்று பேரும் அதன் முன்னால் நின்று மெதுவாக, அழுத்தமாக, “எ...லை” என்று சொல்லிக் கொடுத்தார்கள். அது சிவப்பைக் காட்டியது. “அவனுக்கு இன்னும் வரலை. திட்டாதீங்க, நாளைக்குப் பாக்கலாம்” என்பார் டீச்சர்.

இதெல்லாம் சிரிப்புத்தான், செவந்தியின் விஷயம் வரும் வரை.

செவந்தி பள்ளியில் சேர்ந்த இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. தலையாட்டுவாள், அவ்வளவுதான். அப்பா குவைத்தில். தினமும் சாயங்காலம் வீடியோ காலில் அவரோடு மட்டும் ஓயாமல் பேசுவாளாம். “ஆளு நேர்ல நின்னா வாயத் தொறக்க மாட்டா தம்பி. கண்ணாடிக்குள்ள இருந்தாத்தான் பேசுவா” என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். போர்டு மாட்டிய அன்று, முதல் ‘டொய்ங்’ கேட்டதும் கடைசி வரிசையிலிருந்து “வந்துட்டான் டீச்சர்” என்று ஒரு குரல் வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து போர்டை எழுப்புவது அவள் வேலை. போர்டைப் பார்த்துக் கதை சொல்ல ஆரம்பித்து, மெல்ல மெல்ல அருணாவோடு சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

இப்போது அதே போர்டு அவளைத் தப்பு என்றது. மற்ற பிள்ளைகள் சிவப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஓடிவிடுவார்கள். செவந்தி அப்படி இல்லை. ஒரு வியாழக்கிழமை மூன்று தடவை சிவப்பு விழுந்தது. வெள்ளிக்கிழமை பொத்தானை அழுத்தினாள், ‘டொய்ங்’ வந்தது, “வந்துட்டான் டீச்சர்” வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

திங்கட்கிழமை வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து அதிகாரி பார்வையிட வருவதாகத் தகவல். போர்டு ஏதாவது அடம்பிடித்தால் பார்க்க என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். மரியசெல்வம் சார் பள்ளியின் பெயரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு வராந்தாவில் நடந்தார். டீச்சர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஸ்கூலு பேரு கெடக்கட்டும் தம்பி. இந்தப் புள்ளைய வாய் தொறக்க வச்சது அவன்தான். நாலு பேருக்கு முன்னால இன்னொரு தடவ தப்புன்னு சொல்லிட்டான்னா, மூட வச்சதும் அவனாத்தான் இருக்கும்.” பிறகு, “அந்த ஸ்டாரு பொத்தான் எந்த மூலையில இருக்கு? வலப்பக்கம் கீழயா?” என்று கேட்டார். ஆமாம், ஏன் என்றேன். “சும்மாதான்” என்றார்.

அதிகாரி வெள்ளைச்சாமி பொன்னமராவதிக்காரர், நல்ல மனிதர். உள்ளே வந்தார். வருகைப்பதிவு நடந்தது. கண்ணன் பெயரும் வந்தது. செவந்தி பொத்தானை அழுத்தினாள், தலையாட்டினாள். அதிகாரிக்கு அது பிடித்துப்போய்விட்டது. “இந்தப் பாப்பாவே வாசிக்கட்டுமே” என்றார். மரியசெல்வம் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

செவந்தி வெகுநேரம் திரையையே பார்த்தாள். கண்ணாடிக்கு மட்டும் கேட்கிற குரலில் வேரை வாசித்தாள், நட்சத்திரம். தண்டு, நட்சத்திரம். “பச்சை எலை உண்டு.”

சிவப்பு.

அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். “நல்லாத்தானே வாசிச்சுச்சு? எலைன்னுதானே சொல்லுச்சு? இதுல என்ன தப்பு?” அந்த அறையில் யார் காதுக்கும் தப்பு கேட்கவில்லை. ஆனால் செவந்தி யாரையும் பார்க்கவில்லை. அவள் உதடு இறுகுவதை நான் பார்த்தேன்.

“ஒரு நிமிசம் சார்.” டீச்சர் எழுந்தார். “பொட்டு வைக்க மறந்துட்டோம்.”

கைப்பையிலிருந்து சின்னக் குங்குமச் சிமிழ் வந்தது. அதில் ஏற்கெனவே சந்தனம் குழைத்திருந்ததை நான் பார்த்தேன். அதிகாரி தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றினார். டீச்சர் போர்டின் வலப்பக்கம் போய் நின்று, “இன்னொரு தடவ சொல்லு கண்ணு, அவனுக்குக் காது மந்தம்” என்றார். செவந்தி வாயைத் திறக்கவில்லை. டீச்சர் விரலை நீட்டியபடி காத்திருந்தார்.

“எலை” என்றாள் செவந்தி.

சட்டத்தின் கீழ்மூலையில் விரல் பட்டது, விலகியது. பொட்டு நின்றது. ஒரு நட்சத்திரம் விழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை. கைதட்டல் மேல் கைதட்டல். அருணா துள்ளி எழுந்து டீச்சரின் கைகளைச் சோதித்தாள். இரண்டும் இடுப்பில் இருந்தன. “டீச்சர் அமுக்கலை! அவனாக் குடுக்குறான்! செல்லும்!” என்று கத்தினாள். “சாமி வந்திருச்சு!” என்றான் சேவுகன். அந்த இரைச்சலுக்கு மேல் தன் குரல் கேட்க வேண்டுமே என்று செவந்தி கத்தி வாசித்தாள், பூவை ஒரு வரி, காயை ஒரு வரி, யாரும் கேட்காமலே மறுபடி எலையை ஒரு வரி.

அதிகாரியும் கைதட்டினார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் குனிந்தார். “என்ன தம்பி, நிக்காமக் கொட்டுது? ரிப்பேரா?”

தொழில் பழக்கம், என் கை தானாகப் பைக்குள் போய் மஞ்சள் துணியை எடுத்துவிட்டது. தங்கமுத்து டீச்சர் திரையிலிருந்து பார்வையை எடுக்காமலே அதை என் கையிலிருந்து வாங்கினார். விரல் நுனியில் ஒட்டியிருந்த குங்குமத்தை அதில் நிதானமாகத் துடைத்து, துணியை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.