ஆணி அடிக்காமல் ஜோடித்த வீடு

சுவரில் ஆணி அடிக்கிறவர்களைக் கண்டால் பால்சாமிக்கு ஆகாது. இன்று நேற்றல்ல, பன்னிரண்டு வருசமாக ஆகாது.

அவர் கொத்தனார். ராஜபாளையத்தில் தன் வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கென்று சின்னதாக ஒரு வீடு கட்டினார். சித்தாள் கூட வைக்கவில்லை. ஊர் வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் தானே மணல் சலித்து, தானே கலவை போட்டு, மட்டக்கட்டையால் இழுத்து இழுத்துப் பூசிய சுவர். உள்ளங்கையை வைத்துத் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் குடிவந்தவர் இரண்டே வருசத்தில் காலி செய்துபோனார். பால்சாமி உள்ளே போய் எண்ணினார். முப்பத்தெட்டு ஓட்டை. காலண்டருக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று, கல்யாணப் போட்டோவுக்கு நாலு. சில எதற்கு அடித்தது என்று அடித்தவருக்கே தெரியாது. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பூச்சு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது.

அடைத்துப் பூசிவிட்டார். ஆனால் மனசுக்குள் அந்த முப்பத்தெட்டும் அப்படியே இருந்தன. டீக்கடையில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார்.

ஹஃபீஸா வீடு கேட்டு வந்தது அதற்குப் பிறகு. மில்லில் கோன் வைண்டிங்கில் வேலை. நூல் சுற்றுகிற காகிதக் கூம்பைத்தான் கோன் என்பார்கள். அவள் புருசன் நஸ்ருதீன் தளவாய்புரத்தில் நைட்டி தைக்கிற இடமொன்றில் துணி வெட்டுகிறவர். ஒரே பிள்ளை ஆலியா அப்போது மூன்றாம் வகுப்பு.

"ஆணி அடிக்கப்படாது. அடிச்சா அன்னைக்கே காலி பண்ணிரணும்," என்றார் பால்சாமி.

"சரிண்ணே."

"சரின்னு எல்லாரும்தான் சொல்லுதாக."

"நான் சொன்னா சொன்னதுதாண்ணே. எங்களுக்குன்னு ஒரு சுவரு வரும்ல, அதுல அடிச்சுக்கிடுதேன்."

மறுநாள் லோடு ஆட்டோவில் கட்டில், பீரோவுக்கு முன்னால் இறங்கியது இரண்டு சாக்கு நசுங்கின கோன். மில்லில் கழித்துப் போட்டதைப் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கியிருந்தாள்.

"என்னம்மா, காயலான் கடை வைக்கப் போறியா?"

"வீட்டை ஜோடிக்கதுக்குண்ணே."

பால்சாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். ஜோடிக்கிறவள் என்றால் தொங்கவிடுவாள். தொங்கவிடுகிறவள் ஆணி அடிக்காமல் என்ன செய்வாள்?

அந்த வருச ரமலான் பிறந்தது. பின்வீட்டு முற்றத்துக் கொடியில் சல்லடைத் துணியாகக் காய்ந்தது. சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி, அறுந்த துண்டுகள். பால்சாமியின் மனைவி இருளம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏட்டி, யாருக்கு மண்டை உடைஞ்சது? இம்புட்டுக் கட்டுத்துணி காயுது?"

"செத்த நேரம் பொறுங்க மதினி, பாப்பீக."

ஊதின பலூனின் மேல் மைதாப் பசையில் நனைத்த துணியைச் சுற்றினாள் ஹஃபீஸா. காய்ந்ததும் பலூனை உடைத்தாள். துணி உருண்டையாக, முட்டை ஓடு மாதிரி நின்றது. ஒன்றை மஞ்சளில் முக்கினாள், ஒன்றைத் தேயிலைத் தண்ணீரில். உள்ளே சீரியல் பல்பை விட்டதும் வெளிச்சம் துணி இழைக்குள்ளே இருந்து கசிந்தது. கோனை வளையம் வளையமாக அறுத்து, நஸ்ருதீன் கொண்டுவரும் வெட்டுத்துணியை ஒட்டிப் பிறையும் பூவும் செய்தாள். காசு கொடுத்து வாங்கியது மைதாவும் அந்த பல்பு மாலையும்தான்.

பெருநாள் அன்று பிரியாணி கொடுக்கக் கூப்பிட்டார்கள். பால்சாமி பிரியாணிக்குப் போகவில்லை, சுவரைப் பார்க்கப் போனார். அறை முழுக்க விளக்கும் பிறையும் தொங்கின. சுவரில் ஒரு கீறல் இல்லை. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே உயரத்தில் ஒரு மூங்கில் கம்பு நெருக்கி நின்றது. அதன் இரண்டு முனையிலும் தேய்ந்துபோன ரப்பர் செருப்பை வெட்டி மாட்டியிருந்தாள். செருப்பு சுவரைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. எல்லாம் அந்தக் கம்பில்தான் தொங்கின.

சாரம் கட்டியே முப்பது வருசம் ஓட்டியவர் பால்சாமி. கம்பை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"கறி வெந்திருக்காண்ணே?" என்றாள் ஹஃபீஸா.

"சுவரு நல்லாருக்கு," என்றார் பால்சாமி.

அதிலிருந்து தெருவில் என்ன விசேசம் வந்தாலும் அவளைத்தான் தேடினார்கள். கிறிஸ்துமஸுக்கு கோன் நட்சத்திரம், கொலுவுக்குப் பின்திரை, பொங்கலுக்கு வாசல் தோரணம். மில் ஷிப்ட் முடிந்து வந்து கால் கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்துவிடுவாள். வருசம் ஏழு ஓடிவிட்டது. பின்வீட்டுச் சுவரில் ஒரு புள்ளி விழவில்லை. பால்சாமி டீக்கடையில் முப்பத்தெட்டைச் சொல்லி முடித்ததும், "இப்ப ஒரு பிள்ளை இருக்கு பாரு, பூஜ்யம்," என்று சேர்த்துச் சொல்லும் அளவுக்கு வந்திருந்தார்.

அந்த வருசம் ஐப்பசி மழை கனத்தது. சுவர் ஊறி, மாசி வெயிலில் காய்ந்தபோது வெள்ளை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மறுபடி நோன்பு மாதம். ஆலியாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை இரண்டே வாரத்தில். சுவர் எவ்வளவு உதிர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போன பால்சாமி, தொங்கிய பிறை ஒன்றைக் கையால் விலக்கினார். அதற்குப் பின்னால் ஒரு ஆணித்தலை.

"இது என்னம்மா?"

ஹஃபீஸா கிட்டே வந்து பார்த்தாள். "தெரியலண்ணே. நான் அடிக்கல."

"அப்ப தானா முளைச்சதோ?"

"நான் அடிக்கலண்ணே."

"பிறையைத் தொங்கவிட்டு மறைச்சு வச்சிருக்க. என்னைய என்ன கேனப்பயன்னு நெனச்சியா? பெருநாள் முடியட்டும், காலி பண்ணிரு."

சொல்லிவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை. ஏமாந்துவிட்டோமே என்பதுதான் உறுத்தியது. டீக்கடையில் வேறு பூஜ்யம் என்று பீற்றியாகிவிட்டது. சாயங்காலம் குழாயடியில் கை கழுவும்போது பின்வீட்டுப் பேச்சு ஜன்னல் வழியே கேட்டது.

"விடு. வேற வீடு பாப்போம். ஒரு ஆணிக்கு எதுக்கு வம்பு?" இது நஸ்ருதீன்.

"இதுக்கு முன்னால மூணு வீடு மாறியாச்சு. அங்கெல்லாம் அவிய சொன்னாக, எறங்கிட்டோம். இப்ப பிள்ளை பரீட்சை எழுதணுமா, பாத்திரத்தைக் கட்டணுமா? அடிக்காத ஆணிக்கு நான் எறங்க மாட்டேன்."

மறுநாள் காலையில் அவர் மம்பட்டியை எடுக்கும் முன்பே வாசலில் நின்றாள். கையில் ஒரு கொறடு.

"வாங்கண்ணே. நீங்களே வந்து பிடுங்குங்க. புது ஆணியா பழசான்னு கொத்தனாருக்குத் தெரியாமலா போகும்?"

"எனக்கு வேலை கெடக்கு."

"எனக்கும் ஷிப்ட் இருக்கு. வாங்க."

குரல் உயரவில்லை. ஆனால் அவள் வாசலை விட்டு நகரவும் இல்லை. இருளம்மாள் உள்ளேயிருந்து, "போய்த்தான் பாருமே, என்ன குறைஞ்சு போகுது," என்றபடி பின்னாலேயே வந்தாள்.

பால்சாமி கொறடால் ஆணித்தலையைக் கவ்வி இழுத்தார். வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுத்ததும் பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. நாலு இஞ்ச் ஆணி, முழுசும் துரு. அதன் இடுப்பில் நீலக் கலரில் நைலான் நூல் ஒரு துண்டு. நூல் வெளியே இல்லை, பூச்சுக்கு உள்ளே, செங்கலை ஒட்டி இருந்தது. முடிச்சுக்கு மேல் இன்னொரு முடிச்சு.

பால்சாமி அந்த முடிச்சைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

சுவர் பூசும் முன்பு மட்டம் பிடிக்கச் செங்கலில் ஆணி அடித்து நூல் கட்டுவார்கள். பூசும்போதே நூலை அறுத்து ஆணியைப் பிடுங்கிவிட வேண்டும். பிடுங்க மறந்து மேலேயே பூசி, மேலேயே வெள்ளையடித்தால் அது உள்ளே கிடக்கும், மழையில் ஊறி ஒரு நாள் தலை காட்டும். இரட்டை முடிச்சுப் போடுகிறது அவர் ஒருத்தர்தான். மற்ற கொத்தனார்கள் அதற்குச் சிரிப்பார்கள்.

"யாரு அடிச்சதுண்ணே?" என்று ஹஃபீஸா கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்றிருந்தது. இருளம்மாள்தான் கேட்டாள்.

"முப்பத்தொம்பதாவது ஓட்டை யாரோடதாம்?"

"போய் சிமெண்டு குழைச்சுட்டு வாரேன்," என்று வாசல் பக்கம் திரும்பினார் பால்சாமி. படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "காலி பண்ண வேண்டாம்," என்றார்.

"நான் எங்கண்ணே காலி பண்ணுதேன்னு சொன்னேன்? அந்த ஆணியை மட்டும் குடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார். அதற்குப் பிறகு டீக்கடையில் அந்தக் கணக்கு எடுபடவில்லை. யாராவது எடுத்துக் கொடுத்தாலும், "டீயைக் குடிப்பா," என்று முடித்துவிடுவார்.

ஆலியா பரீட்சை எழுதித் தேறினாள். அடுத்த வருசம் ஸ்ரீவில்லிபுத்தூரில், நஸ்ருதீனுக்குத் தாய்வழியில் வந்த இடத்தில், இரண்டு அறை எழும்பியது. பூச்சு வேலைக்கு உள்ளூர் ஆள் இருந்தும் பால்சாமி தினமும் பஸ் ஏறிப் போனார். நூல் கட்ட அடித்த ஆணிகளை மறக்காமல் பிடுங்கி, எண்ணி, மறுபடி எண்ணிப் பார்த்துத்தான் மேல்பூச்சில் கை வைத்தார். பூசிய பிறகு இருபத்தோரு நாள் தண்ணீர் அடிக்கச் சொன்னார். அதற்கு மேல் ஒரு மாசம் சுவரைத் தொடக்கூடாது என்றார். ஹஃபீஸா தொடவில்லை.

குடிபோகிற அன்று பின்வீட்டு மூங்கில் கம்பை அவரே இறக்கினார். செருப்பு கவ்வியிருந்த இடத்தில் வட்டமாக லேசான கறுப்பு. ஈரத்துணியால் துடைத்தார், போய்விட்டது. கம்பை லோடு ஆட்டோவில் கோன் சாக்குக்கு மேலே கட்டினார்.

"இனிமே இது எதுக்குண்ணே?" என்றாள் ஹஃபீஸா.

"கெடக்கட்டும்."

புது வீட்டில் பால் காய்ச்சி, எல்லாருக்கும் கொடுத்து முடித்தார்கள். பேண்டேஜ் துணியில் செய்த பெரிய விளக்கு ஒன்று தரையில் காத்திருந்தது. ஹஃபீஸா ஒரு சுத்தியலைக் கொண்டுவந்தாள். இன்னொரு கையை விரித்தாள். அந்த நாலு இஞ்ச் ஆணி. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவெடுத்து, வளைவை நிமிர்த்தி வைத்திருந்தாள்.

"சுவரு காஞ்சிருச்சாண்ணே?"

பால்சாமி விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "காஞ்சிருச்சு."

அவள் ஆணியை அவர் கையில் வைத்தாள். நடுச்சுவரில், தன் தலைக்கு ஒரு சாண் மேலே, விரலை ஊன்றிக் காட்டினாள்.

"இந்த இடத்துல அடிங்கண்ணே. தலை வெளிய தெரியணும்."